ஊர் மூழ்கிற்று, பெயர் மூழ்கவில்லை!

'வேல்சு' என்பது அந்நாட்டு மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. 'அயலார்' எனும் பொருளில் பழைய ஆங்கிலர் இட்ட பெயர். மண்ணின் மக்களை, வந்தேறியவர் 'அயலார்' என்றனர்! அம்மக்களோ தம் நாட்டைக் 'கும்ரி' என்பர். 'ஒரே நாட்டவர்' என்பதே அதன் வேர்ப்பொருள். பெயர் வெறும் ஒலியன்று, உரிமை முறி!

அந்நாட்டின் வடபால், திரிவெரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கேப்பல் கெலின் என்றொரு சிற்றூர் இருந்தது. 'கேப்பல்' என்பது வழிபாட்டு மனை. 'கெலின்' என்பது முள்விளிம்பு இலைகளுடன் என்றும் பசுமை மாறாது நிற்கும் ஒரு மரம். வேல்சு மொழியே அவ்வூரின் வாழ்வு மொழி.

ஆங்கில நகரான இலிவர்பூல் அப்பள்ளத்தாக்கின் நீரை விழைந்தது. வேல்சு உள்ளாட்சி மன்றங்களின் இசைவை நாடாமல், நேரே இலண்டன் பாராளுமன்றத்தை நாடியது. 1956-இல் ஊரார் தம் சிறாருடன் இலிவர்பூல் தெருக்களில் நடந்து முறையிட்டனர். கேட்டார் எவர்? 1957-இல் சட்டம் நிறைவேறிற்று. வேல்சு உறுப்பினர் 36 பேரில் ஒருவர்கூட அதற்கு ஒப்பளிக்கவில்லை. ஆயினும் நிறைவேறிற்று! இதற்குக் குடியாட்சி என்று பெயராம்!

1965-இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. பள்ளியும் அஞ்சலகமும் வழிபாட்டு மனையும், வீடுகளும் பண்ணைகளுமாகப் பன்னிரண்டும் நீருக்குள் போயின. 67 பேரில் 48 பேர் வீடிழந்தனர்.

"பெருநகரின் நீர்வேட்கை பெரிதா, நாற்பத்தெண்மரின் குடியிருப்புப் பெரிதா?" என்று வினவுவார் உளர். வினாவே பிழை! நீர் வேண்டுவது குற்றமன்று. உடையவனைக் கேளாமல் எடுப்பதே குற்றம். நாற்பத்தெண்மருக்கு மறுக்கப்பட்ட உரிமை நான்கு கோடிப் பேருக்கும் மறுக்கப்படும். எண்ணிக்கை சிறிதென்பது பறிப்பவன் கூற்று, பறிகொடுத்தவன் கூற்றன்று.

வல்லாண்மை எண்ணியது ஒன்று, நடந்தது வேறொன்று. 'திரிவெரினை நினைமின்' என வேல்சு மொழியில் சாலையோரச் சுவரொன்றில் தீட்டப்பெற்ற எழுத்துகள் நாடெங்கும் முழக்கமாயின. 1966-இல் வேல்சு நாட்டினக் கட்சியின் முதல் உறுப்பினராகக் குவின்ஃபோர் எவன்சு இலண்டன் மன்றம் புகுந்தார். 2005-இல் இலிவர்பூல் நகராட்சியே தன் செயலுக்கு வருந்தி மன்னிப்பு வேண்டியது. 2022-இல் அந்நாட்டின் மலைப்பூங்கா ஆட்சிக்குழு, 'சுனோடோனியா' எனும் ஆங்கிலப் பெயரை விடுத்து 'எரரி' எனும் தாய்மொழிப் பெயரையே வழங்கத் துணிந்தது.

ஊரை விழுங்கிய ஏரிக்கும் இன்று கெலின் என்பதே பெயர்! வீட்டை மூழ்கடிக்கலாம், கல்லறையை மூடலாம். தன் பெயரைத் தன் மொழியில் சொல்லும் நா ஒன்று எஞ்சியிருக்கும்வரை, எந்த இனமும் மூழ்குவதில்லை!