விருந்தினர் மிகுந்த வீடு

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பது நம் முன்னோர் வாக்கு. விருந்தோம்பலைத் தலையாய அறமாகப் போற்றிய மக்களே இதனையும் சொல்லி வைத்தார்கள். விருந்தினர் வருகையால் வீடு சிறக்கும், ஐயமில்லை. ஆனால் வீட்டின் அன்றாட வாழ்வே விருந்தினருக்காக என்றாகிவிட்டால், அங்கே குடும்பம் இராது, சத்திரந்தான் இருக்கும். இம்முதுமொழி வீடுகளுக்கு மட்டுமன்றிக் கதைகளுக்கும் பொருந்தும் என்பதை, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைக் கொண்டு இத்திங்கள் சிந்திப்போம்.

'சிம்ப்சன்ஸ்' என்னும் கார்ட்டூன் நகைச்சுவைத் தொடரை நம் இளைஞர்கள் நன்கு அறிவார்கள். மாட் க்ரேனிங் என்பவர் படைத்த இக்குடும்பம், 1987இல் வேறொரு நிகழ்ச்சியினிடையே வந்த சிறு துணுக்குகளாகத் தோன்றி, 1989 டிசம்பர் 17 முதல் அரைமணி நேரத் தொடராக வளர்ந்தது. அணு மின் நிலையத்தில் பணிபுரியும் சோம்பேறித் தந்தை ஹோமர், பொறுமையே உருவான தாய் மார்ஜ், குறும்புக்காரச் சிறுவன் பார்ட், அறிவும் உணர்வும் மிக்க சிறுமி லிசா, பேசா மழலை மேகி ஆகிய ஐவரே அக்குடும்பத்தினர். 2018 ஏப்ரல் 29 அன்று இத்தொடர் தன் 636ஆம் அத்தியாயத்தை ஒளிபரப்பி, 'கன்ஸ்மோக்' என்னும் பழைய தொடரின் சாதனையை முறியடித்தது. 2025ஆம் ஆண்டில், 40ஆம் பருவம் வரை இது நீடிக்கும் என்று உறுதி செய்யப்பட்டது. இத்தனை நெடிய வாழ்வில், இதன் தரம் தாழ்ந்துவிட்டது என்னும் முறையீடும் நெடுங்காலமாகவே ஒலித்து வருகிறது. அம்முறையீட்டில் அடிக்கடி அடிபடும் சொல், 'விருந்தினர்' என்பதாகும். புகழ் பெற்றோர் பலர் வந்து குரல் கொடுத்துச் செல்வதே தொடரைக் கெடுத்தது என்பர் சிலர். இக்குற்றச்சாட்டு முற்றும் உண்மைதானா?

தொடக்க காலத்தை நோக்குவோம். 1991 ஏப்ரலில் ஒளிபரப்பான கதையொன்றில், லிசாவின் வகுப்பிற்குத் தற்காலிக ஆசிரியர் ஒருவர் வருகிறார். அந்தப் பாத்திரத்திற்குக் குரல் தந்தவர், இரு முறை ஆஸ்கார் பரிசு வென்ற டஸ்டின் ஹாஃப்மன். ஆயினும் திரையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. வேறொரு புனைபெயரே காட்டப்பட்டது. புகழ் வாசலிலேயே நின்றுவிட, கலை மட்டுமே உள்ளே நுழைந்தது எனலாம். தன் அறிவை மதிக்கும் பெரியவர் ஒருவரை முதன்முதலாகக் கண்ட அச்சிறுமி, அவர் ஊரைவிட்டுச் செல்லும்போது துயருறுகிறாள். புகைவண்டி புறப்படுமுன் அவர் அவள் கையில் ஒரு சீட்டைத் தருகிறார். தனிமையில் துன்புறும்போது படித்துப் பார்க்கச் சொல்லித் தந்த அச்சீட்டில் இருப்பது அவளுடைய பெயரைக் கூறும் ஒரே வரிதான். 'நீ நீயாக இருப்பதே போதும்' என்பது அதன் உட்பொருள். அதன் பின்னர் நிகழ்வதே கதையின் சிகரம். மகளின் துயரைப் புரிந்துகொள்ளும் அறிவு ஹோமருக்கு இல்லை. எனினும் அவளருகே அமர்ந்து, குரங்குபோல் சேட்டை செய்து, அவளைச் சிரிக்க வைத்துவிடுகிறார். விருந்தினர் போய்விட்டார், தந்தை தந்தையாகிவிட்டார்.

மற்றொரு சான்று. 1992 டிசம்பரில், மழலை மேகி தன் முதற்சொல்லை மொழிய வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக எலிசபெத் டெய்லரை அழைத்தார்கள்! பிள்ளைகள் எவ்வளவு விரைவில் பேசத் தொடங்குகிறார்களோ அவ்வளவு விரைவில் எதிர்த்தும் பேசுவார்கள் என்று அலுத்துக்கொண்டு ஹோமர் விளக்கை அணைத்துச் செல்கிறார். கதவு மூடிய பிறகு, கேட்பாரற்ற அறையில், குழந்தை 'அப்பா' என்கிறது. உலகப் புகழ் பெற்ற நடிகையின் குரல் அங்கே ஒரு கைக்குழந்தையின் குரலாக அடங்கிவிட்டது. இதனினும் சிறந்த விருந்து உண்டோ?

விருந்தினரின் எண்ணிக்கை மிகுந்ததே குற்றம் என்பாரும் உளர். அதுவும் சரியன்று. 1992 பிப்ரவரியில் வெளிவந்த ஒரு கதையில் ஒன்பது பேஸ்பால் வீரர்கள் தாமாகவே தோன்றிப் பேசினார்கள். ஹோமரின் முதலாளி பர்ன்ஸ், பந்தயத்தில் வெல்லும் வெறியில், தொழிலாளர் அணியை ஒதுக்கிவிட்டு இவ்வீரர்களைக் கூலிக்கு அமர்த்துகிறார். எட்டுப் பேர் வெவ்வேறு விபத்துகளில் சிக்கிவிட, ஒருவரே எஞ்சுகிறார். இறுதி ஆட்டத்தில் அவரையும் உட்கார வைத்துவிட்டு ஹோமரை அனுப்புகிறார் முதலாளி. பந்து ஹோமரின் தலையில் மோதுகிறது. அதனாலேயே அணி வெல்கிறது! புகழாளர் வந்து எளியவனின் இடத்தைப் பறிப்பதையே அக்கதை நகையாடிற்று. பிற்காலத்தில் தனக்கு நேரவிருந்ததைத் தொடர் முன்கூட்டியே தன் வாயால் சொல்லிவிட்டதுபோல் இன்று நமக்குத் தோன்றுகிறது.

1995இல் பாடகர் பால் மக்கார்ட்னி அழைக்கப்பட்டபோது, அவர் ஒரு நிபந்தனை விதித்தார். அக்கதையில் புலால் மறுக்கும் லிசா, மறுவாரம் பழைய நிலைக்குத் திரும்பலாகாது. என்றென்றும் மரக்கறி உணவினளாகவே இருத்தல் வேண்டும் என்பதே அது. வாக்கு காக்கப்பட்டது. விருந்தினர் ஒரு மணிப்பொழுது இருந்து சென்றாலும், வீட்டிலே நிலையான நன்மை ஒன்றை விட்டுச் சென்றார் அன்றோ?

பின்னர் காற்றுத் திசை மாறிற்று. 1998 நவம்பரில் வந்த கதையொன்றில், நடிகர் அலெக் பால்ட்வினும் நடிகை கிம் பேசிங்கரும் அவ்வூரில் கோடை மாளிகை வைத்திருக்கிறார்கள். ஹோமர் அவர்களுக்கு ஏவல் செய்யும் பணியாளராகிறார். வீட்டுத் தலைவர் விருந்தினரின் வேலைக்காரரான கதை அது! 2003இல், பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர், பதவியில் இருக்கும்போதே தம் குரலைத் தந்து, லண்டனுக்கு வந்த குடும்பத்தினரை வரவேற்றார். 2015இல் தொழிலதிபர் ஈலான் மஸ்க் விண்கலத்தில் வந்து இறங்க, லிசா அவர் புகழை ஓதினாள். எவரையும் எள்ளி நகையாடத் தயங்காத தொடர், வாசலில் நின்று மாலை சூட்டும் தொடராயிற்று என்று விமர்சகர் பலர் வருந்தினார்கள். முன்பு அவ்வாறில்லை. தொடரை ஒளிபரப்பிய நிறுவனத்தின் அதிபர் ரூபர்ட் மர்டாக் 1999இல் தாமே குரல் கொடுத்தபோதும், தம்மைக் கொடுங்கோல் கோடீசுவரர் என்று தாமே அறிமுகம் செய்துகொள்ளும்படி எழுதியிருந்தார்கள்!

இவ்வீழ்ச்சியை அளக்க ஓர் ஒப்பீடே போதும். 2012 மே மாதம் வந்த கதையில், பள்ளியில் எவரும் விரும்பாத மாணவி என்று பெயர் பெற்ற லிசா துயரில் ஆழ்கிறாள். அவ்வழியே புகைவண்டியில் செல்லும் பாடகி லேடி காகா, அவள் துயரை உணர்ந்து, இறங்கி வந்து தேற்ற முற்படுகிறார். அதே சிறுமி, அதே துயரம், அதே புகைவண்டி. ஆனால் 1991இல் விருந்தினர் தம் பெயரை மறைத்துக்கொண்டு சிறுமியின் பெயரை எழுதிக் கொடுத்தார். 2012இல் விருந்தினரின் பெயரே கதையின் தலைப்பில் ஏறிற்று. முன்னதில் தந்தை மகளைத் தேற்றினார். பின்னதில் அப்பணியையும் வந்தவரே ஏற்றுக்கொண்டார். இருபத்தோராண்டுத் தொலைவு இதுதான்.

எனினும் பழி முழுவதையும் விருந்தினர் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. முதற்காலத்து எழுத்தாளர்கள் ஒருவர்பின் ஒருவராக வேறு பணிக்குச் சென்றார்கள். பல பாத்திரங்களுக்கு உயிர் தந்த ஃபில் ஹார்ட்மன் 1998 மே மாதம் கொலையுண்டு இறக்க, அவர் குரல் தந்த முக்கிய பாத்திரங்களும் அவரோடு ஓய்ந்தன. மேலும், பார்ட்டுக்கு என்றும் பத்து வயது. லிசாவிற்கு என்றும் எட்டு. வளராத பிள்ளைகளைக் கொண்டு நூற்றுக்கணக்கான கதைகள் புனைவது எளிதா? ஊற்று வற்றும்போது வெளியூர்த் தண்ணீரை வரவழைப்பது இயல்பே. ஆகவே, விருந்தினர் நோய்க்குக் காரணமல்லர்; பெரும்பாலும் நோயின் அறிகுறியே ஆவர். பார்வையாளர் தொகை சுருங்கியதையும் தரக் குறைவிற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. எல்லாத் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் நேர்ந்த கதி அது.

பிற்காலத்திலும் நல்ல விருந்து நடந்ததற்கு நம்மோடு தொடர்புடைய சான்று ஒன்றுண்டு. 2005இல் வந்த ஒரு கதையில், செய்யாத குற்றத்திற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட பார்ட், கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்கப்படுகிறான். அவன் மனத்தைக் கவரும் இளம் குருவானவருக்கு நடிகர் லியம் நீசன் குரல் தந்தார். நீசனாக அன்று, குருவாகவே பேசினார். தந்தை, மகன், தூய ஆவி என்னும் நம் வாய்பாட்டில் 'சிறப்பு விருந்தினரை' நுழைத்த அதன் தலைப்பு நம்மில் பலருக்கு உவப்பாயிராது. ஆயினும், பாப்பிறை இரண்டாம் அருள் சின்னப்பர் அவ்வாண்டு ஏப்ரல் 2ஆம் நாள் இறைவனடி சேர்ந்தபோது, அதன் ஒளிபரப்பை மே மாதத்திற்குத் தள்ளிவைத்த பண்பையும் நாம் மறத்தலாகாது. வத்திக்கான் நாளிதழான 'லொஸ்ஸெர்வத்தோரே ரொமானோ' 2009இல் இத்தொடரைப் பாராட்டி எழுதியதும், மறு ஆண்டு ஹோமரும் பார்ட்டும் கத்தோலிக்கரே என்று எழுதி உலகைப் புன்னகைக்க வைத்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். தயாரிப்பாளர்கள் அதனை மறுத்தார்கள் என்பது வேறு செய்தி! அவ்விதழ் போற்றியது எந்த விருந்தினரையும் அன்று. உணவுக்குமுன் செபிக்கிற, தவறுகிற, மீண்டும் ஒன்றுசேர்கிற ஒரு குடும்பத்தையே.

புகழ் கதைக்கு நிலையான முதலும் ஆகாது. 1991இல் மைக்கேல் ஜாக்சன் குரல் தந்த கதை நெடுங்காலம் கொண்டாடப்பட்டது. அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளைக் கூறும் ஆவணப்படம் 2019இல் வெளிவந்ததும், தயாரிப்பாளர்களே அக்கதையை வழக்கிலிருந்து விலக்கிவிட்டார்கள். பெரிய பெயரின்மேல் கட்டிய மாடம் அப்பெயரோடு ஆடும்.

அண்மை ஆண்டுகளில், குறிப்பாக 2021இல் மாட் செல்மன் பெரும்பொறுப்பை ஏற்றபின், தொடர் மீண்டும் குடும்பத்தின் பக்கம் திரும்பியிருப்பதாக விமர்சகர் சிலர் மகிழ்கின்றனர். நல்லதே. பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் இத்தொடரையோ வேறெந்தத் தொடரையோ காணும்போது தடுத்து விரட்டுவதைக் காட்டிலும், உடனமர்ந்து கண்டு, முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'வந்த பிரமுகரை நீக்கிவிட்டால் இக்கதையில் என்ன மிஞ்சும்?' ஆசிரியர் விடைபெற்ற பின்னும் மகளின் கண்ணீரைத் துடைக்கும் ஒரு தந்தை மிஞ்சினால், அது நல்ல கதை. வெறும் கைதட்டல் மட்டுமே மிஞ்சினால், அன்று அவ்வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.