அடிப்பதா, அறிவதா?

லிங்கி வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் பாம்பைக் காண்பது புதிதன்று. வெட்டிய மட்டைகளை அடுக்கி வைக்கும் இடங்களில் எலிகள் பெருகுகின்றன. எலிகளைத் தேடிப் பாம்புகள் வருகின்றன. அதைக் கண்டதும், “கம்பை எடு!” என்னும் குரலே முதலில் எழுகிறது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எனவே, மக்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனால், அந்த அச்சத்தை மட்டுமே பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போவது முறையாகுமா?

ஊர்வன ஆர்வலர் கழகங்கள் வார இறுதிகளில் ஏரிக்கரைக் காட்டுப் பூங்காக்களில் முகாம் நடத்துவதுண்டு. பகலில் விளக்கவுரை, இரவில் கைவிளக்குடன் காட்டு நடை என அது அமையும். தோட்டப்புற மாணவர்களை அங்கு அனுப்பப் பெற்றோர் பலர் தயங்குவர். “பாம்பு வாசலுக்கே வருகிறது, அதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டுமா?” என்று அவர்கள் கேட்பதும் நியாயமே. எனினும், பாம்பு வாசலுக்கே வருகிறது என்பதுதான் மாணவர்கள் முகாமுக்குச் செல்ல வேண்டியதற்கு முதற்காரணம்.

முகாமில் மாணவர்கள் பாம்பினங்களை அடையாளம் காணக் கற்கலாம். மலைப்பாம்புக்கு நஞ்சில்லை. நாகத்துக்கு நஞ்சுண்டு, இந்நாட்டு நாகம் தொலைவிலிருந்தே கண்ணை நோக்கி நஞ்சைப் பீய்ச்சவும் வல்லது. ஆகவே, கம்போடு நெருங்குபவர்தாம் பெரும்பாலும் ஆபத்தைத் தேடிச் செல்கிறார். விலகி நின்று, 999 எண்ணுக்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையின் உதவியைக் கோருவதே அறிவுடைமை.

முதலுதவி அறிவும் உயிர் காக்கும். பாம்புக்கடியால் உலகில் ஆண்டுதோறும் 81,000 முதல் 138,000 பேர் வரை இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் பலர் வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவர்கள். கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கேட்டையே விளைவிக்கும். கடிபட்டவரை அசையவிடாமல் விரைந்து மருத்துவமனையில் சேர்ப்பதே சரியான வழி. இதைத் தெரிந்துகொண்ட ஒரு மாணவன் தன் குடும்பத்துக்கே காவலாக விளங்குவான்.

தமிழ்நாட்டு இருளர் சமூகத்தின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. ஒருகாலத்தில் அவர்கள் தோலுக்காகப் பாம்புகளைப் பிடித்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அத்தொழில் முடங்கியது. 1978இல் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைந்தது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அவர்களின் புதிய தொழிலாயிற்று. அந்த நஞ்சிலிருந்துதான் நஞ்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவருக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. பாம்பைக் கொன்று பிழைத்த சமூகத்தின் அறிவு, இன்று மனித உயிரைக் காக்கிறது.

இருப்பினும், எல்லா முகாமும் நல்ல முகாம் ஆகிவிடாது. பாம்பைக் கழுத்தில் போட்டுப் படமெடுத்துக்கொள்ளும் முகாமில் அறிவு வளராது. வீண் துணிச்சலே வளரும். தேர்ந்த வழிகாட்டி, பெற்றோரின் ஒப்புதல், கணுக்காலை மூடும் காலணி, அருகிலுள்ள மருத்துவமனை பற்றிய விவரம் ஆகியவை கட்டாயம் வேண்டும். எந்த உயிரையும் தொடக்கூடாது என்பது முதல் விதியாக இருக்க வேண்டும். லிங்கி ஆற்றின் முதலைகளைப் பயணிகள் படகிலிருந்தே கண்டு மகிழ்கிறார்கள் அல்லவா? அந்த இடைவெளி மனிதருக்கும் நல்லது, முதலைக்கும் நல்லது.

அச்சம் தவறன்று; அறியாமையோடு சேரும்போதுதான் அது கம்பைத் தூக்குகிறது. நாளை மட்டை அடுக்கினருகே ஒரு பாம்பு தெரியும்போது, “தள்ளி நில்லுங்கள், அது போய்விடும்” என்று சொல்ல அங்கு ஒரு மாணவர் இருந்தால், அதுவே முகாமின் பயனாகும்.