ஆணி விலையும் ஆண்டவன் கணக்கும்

1639-ஆம் ஆண்டு, நவம்பர் மாதம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பெரிய கடைக்காரரை நிறுத்தி வைத்து விசாரணை நடந்தது. அவர் பெயர் ராபர்ட் கீன். திருடினார், எடையில் ஏமாற்றினார் என்றெல்லாம் அவர்மேல் புகார் இல்லை. ஆணி, பொத்தான், நூல், குதிரைக் கடிவாளம் போன்ற சாமான்களை அநியாய விலைக்கு விற்றார் என்பதுதான் குற்றச்சாட்டு.

அப்போது ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஒரு ஷில்லிங் சரக்கில் 6 பென்ஸுக்கு மேல் லாபம் வைத்தார். சிலவற்றில் 8 பென்ஸுக்கு மேல். சில சின்னச் சாமான்களை வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விற்றார் என்றார்கள்.

தீர்ப்பு: 200 பவுண்டு அபராதம்! தச்சரின் நாள் கூலி 2 ஷில்லிங்குக்கு மேல் போகக்கூடாது என்று 1633-ல் சட்டம் போட்ட ஊர் அது. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு தச்சர் 2,000 நாள் உழைத்தால்தான் 200 பவுண்டு சேரும்.

கடைக்காரர் விலையைக் கூட்டினால் வாங்காமல் போய்விடலாமே, அதற்கு எதற்கு வழக்கு என்று தோன்றும். அது புரிய வேண்டுமானால், அந்த ஊர் எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பெனியே அரசாங்கம்

ஆங்கிலேயர்கள் வட அமெரிக்காவில் நிலையாகக் கால் ஊன்றிய முதல் இடம் ஜேம்ஸ்டவுன். 1607-ல் அங்கே ஆட்களை அனுப்பியது லண்டனைச் சேர்ந்த வர்ஜீனியா கம்பெனி. தங்கம் கிடைக்கும் என்ற ஆசையில் போனவர்களுக்குக் கிடைத்தது பசியும் நோயும்தான். கடைசியில் புகையிலைதான் கை கொடுத்தது.

பாஸ்டன் கதை வேறு. அதை உருவாக்கியவர்கள் பியூரிட்டன்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் இன்னும் சீர்திருத்தம் போதாது என்று நினைத்த கறாரான கிறிஸ்தவர்கள். கடவுளுக்குப் பிடித்தமான ஒரு சமுதாயத்தைப் புது மண்ணில் கட்டிக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் கனவு. ஆனால், அவர்கள் கையில் இருந்த காகிதம் ஒரு வியாபாரக் கம்பெனியின் உரிமைப் பத்திரம்! 1629-ல் மன்னர் முதலாம் சார்லஸ் கொடுத்தது.

இப்படிப்பட்ட பத்திரம் லண்டனில் இருக்கும். பங்குதாரர்கள் அங்கேயே கூடி முடிவெடுப்பார்கள். இவர்களோ 1630-ல் பத்திரத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கம்பெனித் தலைவர் ஜான் வின்த்ராப் ஆளுநர் ஆனார். பங்குதாரர் கூட்டமாக இருந்த 'பொது மன்றம்' சட்டசபையாகவும் நீதிமன்றமாகவும் மாறியது. அடுத்த ஆண்டே, திருச்சபை உறுப்பினர்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்று விதி வந்தது.

ஆக, வியாபாரத்துக்கென்று எழுதிய பத்திரத்தை வைத்து, வேதத்தை முன்னிறுத்தி ஓர் அரசாங்கம். அதற்குள்தான் வந்து மாட்டினார் கீன்.

கசாப்புக் கடைக்காரரின் மகன்

இங்கிலாந்தின் விண்ட்ஸர் ஊரில் கசாப்புக் கடை வைத்திருந்தவரின் மகன் கீன். லண்டனில் வியாபாரம் கற்று, படிப்படியாக உயர்ந்து, 1635-ல் பாஸ்டனுக்கு வந்தார். பக்திமான். பிரசங்கத்துக்குப் போனால் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுப்பார். ஊரின் போதகர் ஜான் வில்சன் அவருக்குச் சகலை.

1630-களில் மட்டும் சுமார் 20,000 பேர் இங்கிலாந்திலிருந்து அந்தப் பகுதியில் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் வீடு கட்ட வேண்டும். ஆணி வேண்டும், துணி வேண்டும். எல்லாமே கடல் கடந்து வர வேண்டிய சரக்கு. கையில் சரக்கு வைத்திருப்பவர் சொன்னதுதான் விலை. விவசாயிகளுக்கும் கூலியாட்களுக்கும் வயிறு எரிந்தது.

வின்த்ராப் இந்த வழக்கைத் தன் நாட்குறிப்பில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். கீனுக்கு எதிராகச் சொல்லப்பட்டவை: நெடுநாள் பக்தர், ஒரே பிள்ளை உள்ள பணக்காரர், மனசாட்சிக்காகக் கடல் கடந்து வந்தவர், முன்பே எச்சரிக்கப்பட்டவர். இவரே இப்படிச் செய்யலாமா? அவருக்குச் சாதகமாகச் சொல்லப்பட்டவை: லாபத்துக்கு வரம்பு கட்டும் சட்டம் எதுவும் அப்போது நடைமுறையில் இல்லை, எல்லா வியாபாரிகளும் செய்ததைத்தான் இவரும் செய்தார். அபராதம் பிறகு குறைக்கப்பட்டு, 80 பவுண்டோடு முடிந்தது.

அதோடு தப்பவில்லை. அடுத்து திருச்சபை விசாரித்தது. சபையிலிருந்தே நீக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். கண்டனத்தோடு விட்டார்கள். தன் மனதில் பேராசை இருந்ததைக் கண்ணீரோடு ஒப்புக்கொண்டார் கீன்.

ஜான் காட்டன் என்ற போதகர் இதையே பிரசங்கம் ஆக்கினார். முடிந்தவரை மலிவாக வாங்கி, முடிந்தவரை விலை ஏற்றி விற்கலாம் என்பது தவறான கொள்கை. கடலில் சரக்கு மூழ்கினால், அந்த நஷ்டத்தை மிச்சச் சரக்கின் தலையில் கட்டக்கூடாது. ஆனால், பொருளே அரிதாகிப் போனால் விலையைக் கூட்டலாம். அது கடவுள் செயல். இதுதான் அவர் வகுத்த கணக்கு. இதற்கு நேர் எதிர்தான் இன்று பல பேருக்கு வியாபாரப் பாலபாடம்!

பன்றியால் பிரிந்த சபை

பட்ட காலிலேயே படும் என்பார்கள். எலிசபெத் ஷெர்மன் என்ற பெண், காணாமல் போன தன் பன்றியைக் கீன் அடித்துத் தின்றுவிட்டதாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். திருச்சபையும் நீதிமன்றமும் கீன் பக்கம் தீர்ப்பளித்தும், விவகாரம் 1642-ல் பொது மன்றத்துக்கே போனது. ஊர்களின் பிரதிநிதிகளில் பாதிப் பேர் அந்த அம்மாள் பக்கம். உயர்நிலை நீதிபதிகளில் பெரும்பாலோர் பணக்காரர் பக்கம். ஒரு பன்றியில் ஆரம்பித்த சண்டை, யாருக்கு அதிகாரம் அதிகம் என்பதில் போய் நின்றது. 1644-ல் மன்றம் இரண்டு அவைகளாகப் பிரிந்தது.

இதற்கிடையே இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மோதல் வெடித்தது. குடியேற வருகிறவர்கள் நின்றுபோனார்கள். பாஸ்டனில் கால்நடை விலை மளமளவென்று சரிந்தது. ஊரைக் காப்பாற்றியது வியாபாரிகள்தான். மீனையும் மரத்தையும் கரீபியன் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்தார்கள். அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். ஆணியில் கூடுதல் லாபம் பாவம் என்ற ஊர், அடிமைகளின் உழைப்பில் வந்த காசுக்குக் கூண்டு எதுவும் வைக்கவில்லை. கீன் வீட்டிலேயே கறுப்பின அடிமைகள் இருந்தார்கள்.

158 பக்க உயில்

கீனுக்கு அந்த அவமானம் ஆறவே இல்லை. 1653-ல் உயில் எழுத உட்கார்ந்தார். சொத்துப் பட்டியலோடு நிற்காமல், 14 வருடத்துக்கு முந்தைய ஆணிக் கணக்கையும் பொத்தான் கணக்கையும் ஒவ்வொன்றாக எடுத்து, தான் நியாயமாகவே நடந்ததாக வாதாடினார். உயில் 158 பக்கம் நீண்டது!

ஆனால், தன்னைத் தண்டித்த அதே ஊருக்கு 300 பவுண்டும் எழுதி வைத்தார். கிராமத்து மக்கள் மழையில் நனையாமல் சரக்கு விற்க ஒரு சந்தைக் கட்டடம் வேண்டும். மன்றமும் நூலகமும் அதிலேயே அமைய வேண்டும் என்பது அவர் விருப்பம். 1656-ல் அவர் இறந்தார். ஊராரும் நிதி போட, ஓரிரு ஆண்டுகளில் மரத்தாலான நகர மாளிகை எழுந்தது. கீழே சந்தை, மேலே மன்றம்.

அது 1711-ல் தீக்கிரையானது. அதே இடத்தில் 1713-ல் எழுந்த செங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1776 ஜூலை 18 அன்று அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் பாஸ்டன் மக்களுக்கு வாசிக்கப்பட்டது அதன் பால்கனியிலிருந்துதான். ஆணி விலைக்காகக் கூனிக் குறுகி நின்ற ஒரு மனிதர் ஊருக்குக் கேட்ட இடம் அது.