பச்சிளங் குழந்தையின் கண்ணும் ஒரு சொல்லும்

மருத்துவக் குறிப்புகளைத் தமிழாக்கும் பணியில், பிறந்த குழந்தைகளுக்கு வரும் சீழ்க்கண் நோயைக் ‘கண்வலி’ என்றே முன்பு எழுதிவிட்டேன். எளிய சொல்தான். ஆயினும் அது தீங்கான சொல் என்று இப்போது கருதுகிறேன். கண்வலி என்றால் இரண்டு மூன்று நாட்களில் தானே தணியும் என்றன்றோ நம் மக்கள் எண்ணுவர்!

பிரசவத்தின்போது தாயின் பிறப்பு வழியிலுள்ள கிருமிகள் குழந்தையின் கண்ணிற் படுவதால் இந்நோய் உண்டாகிறது. அவற்றுள் மிகக் கொடியது வெட்டை நோய்க் கிருமி. பெரும்பாலும் 2 முதல் 5 நாட்களுக்குள் இமைகள் வீங்கிச் சீழ் பெருகும். காலந் தாழ்த்தினால் கருவிழி புண்ணாகித் துளைபட்டுப் பார்வையே போய்விடக் கூடும். கிளமிடியாக் கிருமியால் வருவது சற்றுத் தாமதமாக, 5 முதல் 14 நாட்களுக்குள் தோன்றும்.

1880-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரெடே என்னும் பேறுகால மருத்துவர், பிறந்த ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் 2 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒரு துளி இடலானார். அவரது மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்தளவில் இருந்த நோய், ஒன்றுக்கும் கீழே இறங்கியது. அம்மருந்து கண்ணை உறுத்துவதால், இன்று பல இடங்களில் எரித்ரோமைசின் அல்லது டெட்ராசைக்ளின் களிம்பு வழங்குகிறது.

சில நாடுகள் இம்முறையையே கைவிட்டு, கருவுற்ற தாயைச் சோதித்துச் சிகிச்சை அளிப்பதை மேற்கொண்டுள்ளன. கிளமிடியாவைக் கண் மருந்து நம்பத்தக்கவாறு தடுப்பதில்லையாதலால், அந்த வாதத்தில் நியாயமுண்டு. ஆனால் தாய்மார் எல்லோரும் அச்சோதனை பெறாத நம் நாட்டில், ஒன்றைப் பெறுமுன் மற்றொன்றைக் கைவிடுதல் தகாது என்பதே என் கருத்து.

2011 முதல் நடைபெறும் வீட்டுவழிப் பச்சிளங் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில், ஆஷா பணியாளர் 3ஆம் நாளும் 7ஆம் நாளும் வீடு செல்கின்றார். நோய் தலைகாட்டும் நாட்களும் அவையே. “கண்வலி உண்டா?” என்று கேட்டால் “இல்லை” என்றே விடை வரும். கையைக் கழுவிக்கொண்டு, இரு கண்களையும் வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். கண்ணில் மை தீட்டுவதையும் தாய்ப்பால் பீச்சுவதையும் பாட்டிமாரிடம் பரிவுடன் விலக்கச் சொல்லலாம். இதில் ஆசிரியர்களின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு அதிகம். வீக்கமும் சீழும் கண்டால் அன்றைக்கே மருத்துவமனை. குழந்தையை மட்டுமன்று, தாயையும் தந்தையையும் உடன் அனுப்புக. அவர்களுக்கும் சிகிச்சை தேவை.

இனி என் மொழிபெயர்ப்புகளில் ‘சீழ்க்கண் நோய்’ என்றே எழுதுவேன். கேட்பதற்கு இனிய சொல் அன்று.