இரண்டாவது இரத்தச் சோதனை வேண்டும்

காய்ச்சல் என்றால் இரண்டு மாத்திரை, மறுநாள் பெரட்டு. இது தோட்டங்களில் ஊறிப்போன வழக்கம். எலிக்காய்ச்சலில் இந்த வழக்கம் உயிரையே வாங்கிவிடும் என்பதை நம் தொழிலாளர்கள் உணர வேண்டும்.

இந்நோய் நம் நாட்டிற்குப் புதிதல்ல. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் டாக்டர் பிளெட்சர் 1920-களிலேயே இதை இங்கே கண்டறிந்தார். 2010 டிசம்பர் முதல், இந்நோய் கண்டால் சுகாதார இலாகாவுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்பது சட்டம்.

எலியின் சிறுநீரில் வெளிப்படும் கிருமி, கால்வாய் நீரிலும் ஈரமண்ணிலும் உயிரோடிருக்கும். காலில் உள்ள கீறல், வெட்டுக்காயம் வழியாக உடம்பில் புகும். முள்ளும் அட்டையும் நிறைந்த நிறையில் வெட்டும் தொழிலாளிக்குக் கீறல் இல்லாத நாள் ஏது?

பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களில் குளிர்காய்ச்சலும் கடுந்தலைவலியும் காணும். கெண்டைக்கால் சதை தொட்டாலே வலிக்கும். பீளை இல்லாமல் கண் சிவக்கும். டிங்கிக் காய்ச்சலும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குவதால் டாக்டர்களே ஏமாறுவதுண்டு. நோய் முற்றினால் கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும், இருமலில் இரத்தம் வரும். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

சோதனையைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. முதல் வாரத்தில் கிருமி இரத்தத்தில் இருக்கும், பி.சி.ஆர். சோதனை அதை நேரே காட்டக்கூடும். ஆனால் சாதாரணமாகச் செய்யப்படும் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளையே தேடுகிறது. அது ஊறுவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே மூன்றாம் நாள் இரத்தத்தில் 'இல்லை' என்று வந்தால், நோய் இல்லை என்று அர்த்தமல்ல. சுமார் இரண்டு வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்து, இரண்டையும் பெரிய சோதனைக்கூடத்தில் ஒப்பிட வேண்டும். எதிர்ப்புப் பொருள் நான்கு மடங்கு ஏறியிருந்தால் நோய் உறுதி. சிகிச்சை மட்டும் அதுவரை காத்திருக்கலாகாது. சந்தேகம் எழுந்தவுடனே பெனிசிலின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளை டாக்டர் தொடங்குவதே முறை.

குணமானவனுக்கு இரண்டாவது இரத்தம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வேலையால் வந்த நோய் என்று சொக்சோவில் நஷ்டஈடு கோரும் நாளில், அந்தத் தாளே நமக்குச் சாட்சி. சாட்சி இல்லாத வழக்கு பைலிலேயே உறங்கிவிடும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதத்தில் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். பால்வெட்டுத் தொழிலாளி, ஈரக்காட்டில் வேலை, லயத்தில் எலி உண்டு என்று சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரி டாக்டரின் கண்ணைத் திறக்கும்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது தருமமல்ல. இரண்டாவது இரத்தம் கொடுக்கும் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பும் வண்டியும் வேண்டும். காலுக்குப் பூட்ஸ் வேண்டும். லயத்துக் கால்வாயும் குப்பைமேடும் சுத்தமாக வேண்டும். ஒவ்வொரு கிளையும் இவற்றை அடுத்த பேச்சுவார்த்தையில் முதல் கோரிக்கையாக வைக்கட்டும்!