பீச்சு யந்திரத்தின் ஆயுள்

நேயர்கள் சிலருடைய வீட்டு முற்றத்தில் இப்போது ஒரு புதிய விருந்தாளி வந்து அமர்ந்திருக்கிறது. அதன் திருநாமம் பிரஷர் வாஷர். மோட்டார் வண்டியில் ஒட்டிய சேற்றையும் மொட்டை மாடிப் பாசியையும் கண் மூடித் திறப்பதற்குள் போக்கிவிடும். முன்னெல்லாம் இது பட்டறைகளிலேயே வாசம் செய்து வந்தது. 1984-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்துக் கார்ச்சர் கம்பெனியார் கையால் தூக்கிச் செல்லக்கூடிய சிறு யந்திரத்தை வீட்டு உபயோகத்துக்கென்று வெளியிட்டார்கள். அன்று முதல் அது குடும்பத்தில் புகுந்துவிட்டது. குடும்பத்தில் புகுந்த பிறகு கவலைகளும் சேருவது இயற்கைதானே!

"இரண்டாம் வருஷமே பல்லை இளித்துவிட்டது, பழுது பார்க்கக் கேட்கும் கூலிக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம்" என்பதுதான் எங்கும் கேட்கும் புலம்பல். இதில் நியாயம் உண்டா என்று பார்ப்போம்.

வீட்டு யந்திரங்கள் சாதாரணமாக 100 பார் அழுத்தத்தில் ஜலத்தைப் பீச்சுகின்றன. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் தொட்டி கட்டி, அடியில் குழாயைத் திறந்தால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு! இத்தனை பாரத்தையும் பம்புக்குள் தாங்கி நிற்பவை சில சிறு ரப்பர் வளையங்களும் வால்வுகளுமே. விலை மலிவான யந்திரங்களில் பம்பின் தலை பிளாஸ்டிக்கால் ஆனது, உயர்ந்தவற்றில் பித்தளை. மலிவானவற்றின் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்து கொண்டே வரும், சத்தமும் அதிகம். 'இண்டக்ஷன்' மோட்டாரில் தேய்வதற்குப் பிரஷே கிடையாது. கனம் அதிகம், ஆயுளும் அதிகம்.

நிற்க. யந்திரம் படுத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும். ஜலம் விட்டு விட்டு வந்தால், நாஸிலில் மண் அடைத்திருக்கலாம். அல்லது குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். பீச்சல் மெலிந்தால், ஜலம் நுழையும் இடத்திலுள்ள வடிகட்டியைக் கழற்றிக் கழுவிப் பார்க்கலாம். விசையை விட்டவுடன் தானாக நிற்கும் யந்திரம், யாரும் தொடாமலே அடிக்கடி உறுமி அடங்குமானால், எங்கோ ஒரு வளையமோ வால்வோ கசிகிறது என்று பொருள். இவற்றில் எதுவும் மரண வியாதி அல்ல.

வியாதி வராமலும் காக்கலாம். ஜலமில்லாமல் ஒரு நிமிஷங்கூட ஓட்டலாகாது. உப்பு மிகுந்த கிணற்று ஜலத்தை உபயோகித்தால், முடிவில் நல்ல ஜலத்தைச் சிறிது ஓடவிட வேண்டும். இல்லாவிடில் உப்பு வால்வுகளில் படிந்துவிடும். வேலை முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, விசையை அழுத்தி, உள்ளே தங்கிய அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். குழந்தைகள் இதைக் கொண்டு விளையாடக்கூடாது. இந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே பாயக்கூடியது. வெளியில் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

ஆனால், வீட்டுக்காரர் எவ்வளவு ஜாக்கிரதையாயிருந்தாலும், தேய்ந்த வளையம் கடையில் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? பல கம்பெனிகள் வளையத்தைத் தனியாக விற்பதில்லை. முழுப் பம்பையே வாங்கச் சொல்கிறார்கள். செருப்பின் வார் அறுந்தால் காலையே மாற்றிக்கொள் என்பதற்கும் இதற்கும் வெகு தூரமில்லை! நமது சர்க்கார் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத் தளம் திறந்தார்கள். நல்ல காரியமே, ஆனால் தளத்தில் விவரந்தான் கிடைக்கும், வளையம் கிடைக்காது. ஐரோப்பிய யூனியனார் 2024-ல் இதற்காகச் சட்டமே செய்தார்கள். அந்தச் சட்டத்தின் ஜாபிதாவில் துணி துவைக்கும் யந்திரம் இடம் பெற்றது. தரை கழுவும் இந்த யந்திரம் இடம் பெறவில்லை.

ஆகவே, அதிகாரம் வாங்குவோர் கையில்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் "எத்தனை பார்?" என்று கேட்பதற்கு முன், "ரப்பர் வளையமும் கார்பன் பிரஷும் தனியாகக் கிடைக்குமா? பழுது பார்ப்பவர் நம் ஊரில் உண்டா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் பணப்பையை மூடிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். பத்துப் பேர் அப்படித் திரும்பினால், பதினோராவது ஆளுக்கு வளையம் கிடைத்துவிடும்.