ஆறு பவர் சப்ளை இருந்தா போதுமா, அண்ணாச்சி?

டேட்டா சென்டர்ல ஆணி புடுங்கற எல்லாருக்கும் பழக்கமான பொய் ஒண்ணு இருக்கு. "சார், நம்ம பொட்டில ஃபுல் ரிடண்டன்சி இருக்கு!" நொய்டா வந்ததிலிருந்து இதை இந்தி, இங்கிலீஷ், நம்ம ஆளுங்க புண்ணியத்துல தமிழ்னு மூணு பாஷையிலும் கேட்டாச்சு. சொல்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ரேக்கோட பின்பக்கம் போய் ஒயர் எங்கே போகுதுன்னு பார்த்ததே இல்லை.

கணக்கு ரொம்ப சுலபம். டெல் எம்எக்ஸ்7000 சேசிஸை எடுத்துக்குங்க. 3000 வாட் பவர் சப்ளை 6 போடலாம். என்+1 மோடு வெச்சா ஒண்ணு மட்டும் உபரி, மீதி 5க்கு 15000 வாட் வரை பிளேடுக்குக் கிடைக்கும். கிரிட் மோடு வெச்சா இந்தப்பக்கம் 3, அந்தப்பக்கம் 3. ஒரு லைன் மொத்தமா போனாலும் வண்டி ஓடணும்ங்கறதால 9000 வாட்தான் கணக்கு.

இப்ப என்+1 மோடுல 12000 வாட் லோடு ஏத்தியாச்சுன்னு வைங்க. ஒரு பவர் சப்ளை செத்தா கவலையில்லை. ஒரு லைன் போனா? மிச்சம் 3, அதாவது 9000 வாட். பிளேடுங்க மூச்சு திணறும், இல்லேன்னா படுத்துடும். நிஜத்துல அடிக்கடி போறது எது, பவர் சப்ளையா லைனா? நம்ம நாட்டுல இதைக் கேக்கவே வேணாம்.

"கிரிட் மோடு போட்டா பாதி பவர் வீணாகுதே"ங்கறாங்க மேனேஜர்கள். நியாயமான கேள்விதான். டெஸ்ட் சர்வருக்குத் தாராளமா என்+1 போடுங்க. ஆனா கஸ்டமருக்குக் கொடுக்கற பேப்பர்ல "ஒரு லைன் போனா எல்லாம் போகலாம்"னு எழுதிக் கொடுங்க. அதை மட்டும் எழுத மாட்டாங்க!

இன்னொரு கூத்து, ஏ லைன், பி லைன்னு ஸ்டிக்கர் ஒட்டி ரெண்டையும் ஒரே யுபிஎஸ்ல கொண்டு போய் செருகறது. ரெண்டு கயிறு போட்டு ஒரே கொக்கியில மாட்டின ஊஞ்சல்தான் அது. 2012 ஜூலை 30ல வடக்கு கிரிட் விழுந்துச்சு, மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூணும் விழுந்துச்சு. அந்த மாதிரி நாள்ல ஸ்டிக்கர் கரண்ட் கொடுக்காது சாமி.

முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, ஞாயித்துக்கிழமை விடிகாலை ஒரு பிரேக்கரை ஆஃப் பண்ணிப் பார்க்கலாமான்னு அனுமதி கேட்டேன். "ஏதாவது போயிடுச்சுன்னா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. போயிடும்னு பயம் இருந்தா, ரிடண்டன்சி இல்லைன்னு உங்களுக்கே தெரியும்னுதானே அர்த்தம்?

இதுல அடிபடறது மோடை முடிவு பண்ணின ஆள் இல்லை. ராத்திரி ஷிப்ட்ல இருக்கற காண்ட்ராக்ட் பையன்தான். "அலாரம் வந்துச்சே, ஏன் பார்க்கலை?"ன்னு அவனுக்குத்தான் மெமோ. எனவே மக்களே, வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது சொல்லிட்டு பிரேக்கரை இறக்கிப் பாருங்க. அதுக்குத் தைரியம் இல்லேன்னா, ரிடண்டன்சிங்கற வார்த்தையை பிரசன்டேஷன்ல இருந்து எடுத்துடுங்க.